ஒவ்வாமையும் மாஸ்ட் உயிரணுக்களும்

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்துள்ள ஊர் கம்மாபுரம். இவ்வட்டாரத்தின் செம்மண் நிலங்களில் முந்திரியும் நிலக்கடலையும் விளைகின்றன. விருத்தாசலத்திலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இவ்விரு பயிர்களிலும் புதிய வகைகளை உருவாக்கி வெளியிட்டுள்ளது. உழவருக்குப் பொருள் தரும் இப்பருப்புகள் மிகச் சிலருக்கு மட்டும் நஞ்சுபோல் ஆகிவிடுகின்றன. ஊரார் உண்டு மகிழும் பண்டம் ஒருவன் உயிருக்கு மட்டும் உலை வைப்பது ஏன்? குற்றம் பருப்பினுடையது அன்று. உண்டவன் உடல் வலிமை குன்றியதாலும் அன்று. உடலைக் காக்கும் காவலரே ஆள் தெரியாமல் படைக்கலம் எடுப்பதால் விளையும் கேடு இது.

முந்திரியால் வரும் இருவகைத் தீங்குகளை முதலில் பிரித்தறிதல் வேண்டும். கொட்டை உடைக்கும் மகளிரின் கைகள் கறுத்துப் புண்படுவது உண்டு. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைச் சுடும் தன்மையது. அதனாலேயே அவர்கள் கையில் சாம்பலையோ வேறு எண்ணெயையோ பூசிக்கொள்கின்றனர். அவ்வெண்ணெய் பட்ட சிலருக்கு ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் தோன்றும். வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இத்தகையதே. முந்திரியும் சேங்கொட்டையும் மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாள் கழித்து வரும் இக்கொப்புளங்களுக்குக் காரணம் டி உயிரணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். அவை மெல்லச் செயற்படுவன. பருப்பை உண்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறும் நோயோ வேறு. அதில் முதற்பங்கு மாஸ்ட் உயிரணுக்களுடையது.

1878-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் இளம் மாணவர் உடலின் திசுக்களுக்குச் சாயமேற்றி ஆராய்ந்துவந்தார். நுண்மணிகள் நிறைந்து புடைத்த சில உயிரணுக்கள் அவர் கண்ணிற்பட்டன. அவை மிகுதியாக உண்டு கொழுத்தவை போலும் என்று கருதி, கொழுக்க வைத்தலைக் குறிக்கும் 'மாஸ்ட்' என்ற ஜெர்மன் சொல்லால் அவற்றுக்குப் பெயரிட்டார். கருத்து பொருந்தாதாயினும் பெயர் நிலைத்துவிட்டது. அம்மணிகள் உணவல்ல, படைக்கலங்கள். அவற்றுள் ஹிஸ்டமின் என்னும் பொருள் இருப்பதை 1953-இல் ரைலி, வெஸ்ட் என்னும் அறிஞர் இருவர் காட்டினர். அது வெளிப்பட்டால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசியும். சிவப்பும் வீக்கமும் தோன்றும். மூச்சுக் குழல்களைச் சூழ்ந்த தசைகள் இறுகும். இவ்வாறே அழற்சி தொடங்குகிறது. தோல், மூச்சுக் குழல், குடல் ஆகிய எல்லைப்புறங்களிலேயே மாஸ்ட் உயிரணுக்கள் மிகுதியாகக் காவல் நிற்கின்றன.

பிரான்சு நாட்டில் போர்ட்டியே, ரிஷே என்பவர்கள் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்து, 1902-இல் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். முதன்முறை நஞ்சைத் தாங்கிப் பிழைத்த நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு செலுத்தியதும் துடித்து இறந்தது. பழக்கம் தீங்கைக் குறைக்கும் என்று எண்ணியிருந்த மருத்துவ உலகம் திகைத்தது. முதற்சந்திப்பின் நினைவு உடலில் எங்கே தங்குகிறது? 1921-இல் பிரௌஸ்னிட்ஸ் என்பவர் இதற்குத் தம் உடலையே சோதனைச் சாலையாக்கினார். மீன் ஒவ்வாத தம் நண்பர் கியூஸ்ட்னரின் இரத்த நீரைத் தம் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்த, அந்த இடம் மட்டும் தடித்து வீங்கியது. நினைவு இரத்த நீரில் இருந்தது என்பது தெளிவாயிற்று. அதைச் சுமக்கும் பொருள் இன்னதென்று அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்னும் கணவன் மனைவியர் 1966-இல் அதைக் கண்டனர். இன்று அது இம்யூனோகுளோபுலின் ஈ எனப்படுகிறது.

அது ஓர் எதிர்ப்பொருள். முதற்சந்திப்பில் சிலர் உடல் நிலக்கடலைப் புரதத்தைப் பகை என்று கொண்டு, அப்புரதத்தை மட்டும் பற்றக்கூடிய ஈ வகை எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அன்று நோய் எதுவும் தோன்றாது. அவ்வெதிர்ப்பொருள் மாஸ்ட் உயிரணுவின் மேலுள்ள ஏற்பிகளில் சென்று பொருந்துகிறது. இரத்தத்தில் இரண்டொரு நாளே நிலைப்பது, ஏற்பியில் அமர்ந்தபின் பல வாரங்கள் நிலைக்கும். மீண்டும் அப்புரதம் வந்து, அடுத்தடுத்துள்ள இரண்டு எதிர்ப்பொருள்களை ஒருங்கே பற்றி இணைத்தால்தான் உயிரணுவுக்குள் செய்தி பாயும். மணிகள் வெடித்துக் கொட்டும். ஒருவர் குரலுக்கு ஊர் திரள்வதில்லை. அண்டை வீட்டார் இருவர் சேர்ந்து கூவினால் திரளும் அன்றோ?

செய்தியை அடக்கும் ஏற்பிகளும் உடலில் உண்டு. ஜி வகை எதிர்ப்பொருள் அவற்றில் பொருந்தி, அதே புரதத்தைப் பற்றுமாயின் கிளர்ச்சி தணியும். தூண்டுவதும் அடக்குவதும் ஒத்திருக்கும் வரையில் உடலுக்குக் கேடில்லை.

இத்துணை ஆபத்தான காவல் எதற்கு என்று கேட்கலாம். குடற்புழுக்களை வெளியேற்ற இது துணைபுரிகிறது. தேனீயின் நஞ்சிலிருந்து ஈ வகை எதிர்ப்பொருள் எலிகளைக் காத்ததை 2013-இல் ஆய்வாளர் கண்டனர்.

கடும் ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகலாம். ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை அப்போது போதாது. மணிகளில் வேறு பொருள்களும் உள்ளன. தொடைத் தசையில் உடனே செலுத்தும் அட்ரினலின் மருந்தே விரிந்த குழாய்களைச் சுருக்கி, இறுகிய மூச்சுவழியைத் திறக்கிறது.

குழந்தைகளுக்கு நிலக்கடலையைக் காட்டாதிருப்பதே நலம் என்று மேலை நாட்டு மருத்துவர் முன்பு அறிவுறுத்தினர். இலண்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளுள் ஒரு பகுதியினர் ஓராண்டு நிறையும் முன்பே குழைத்த நிலக்கடலை உணவை உண்ணத் தொடங்கினர். மற்றவர் அதை அறவே விலக்கினர். முன்னமே கடும் ஒவ்வாமைக் குறி காட்டிய குழந்தைகள் இதில் சேர்க்கப்படவில்லை. ஐந்து வயதில், விலக்கியவருள் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஒவ்வாமை இருந்தது. உண்டவருள் நூற்றுக்கு மூவருக்கே இருந்தது. உண்டவரின் இரத்தத்தில், நிலக்கடலைப் புரதத்தைப் பற்றும் ஜி வகை எதிர்ப்பொருள் பெருகியிருந்தது.