நீச்சல் குளத்து வேலி: எந்த உலோகம் ஏற்றது?

நுழையும்முன்

அழகுக்காக அமைக்கப்படும் வேலி உண்டு. உடைமையைக் காக்கும் வேலி உண்டு. உயிரைக் காக்கும் வேலியும் உண்டு. வீட்டு நீச்சல் குளத்தைச் சூழும் வேலி மூன்றாம் வகையைச் சார்ந்தது. அதற்கேற்ற உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வேலி ஏன்?

திருவனந்தபுரத்தில் பழைய வீடு என்றால் கிணறும் உடன் இருக்கும். கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, மேலே கம்பிவலை இடுவது வழக்கம். இக்காலத்தில் சில வீடுகளில் நீச்சல் குளமும் இடம்பெறுகிறது. கிணற்றின் இருண்ட ஆழம் குழந்தையை அச்சுறுத்தும். நீல ஓடு பதித்த குளமோ அக்குழந்தையை அழைக்கும். எனவே கிணற்றைவிடக் குளத்துக்கே காவல் மிகுதியாக வேண்டும்.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஏறக்குறையக் கால் பங்கினர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். மூழ்கும் குழந்தையால் பெரும்பாலும் கூவி அழைக்க இயலாது. அடுத்த அறையில் இருக்கும் தாய்க்கும் அது தெரியாமற்போகலாம்.

ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி அமைப்பது சட்டப்படி கட்டாயம். வேலியின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மிகக் கூடாது. கதவு தானே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். கால் வைத்து ஏறக்கூடிய குறுக்குக் கம்பிகளும் பூ வேலைப்பாடுகளும் வெளிப்புறத்தில் இருத்தலாகாது. இருந்தால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

வேலிக்கு வடிவம் மட்டும் போதாது, உறுதியும் வேண்டும். இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாக மாறுகிறது. உப்பு அம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. திருவனந்தபுரமோ கடலோர நகரம். சங்குமுகம், வலியதுறை, கோவளம் போன்ற இடங்களில் கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் ஈரத்தைத் தருகின்றன. குளத்து நீரைத் தூய்மையாக்க இடப்படும் குளோரினும் உலோகத்தை அரிக்கும் தன்மையுடையது.

தமிழகத்தின் பாம்பன் பாலம் இதற்குத் தக்க சான்று. 1914இல் திறக்கப்பட்ட அவ்விரும்புப் பாலம் துருவுடன் இடைவிடாது போராடியது. துருப்பிடிக்காமல் காக்க அதற்குத் தொடர்ந்து வண்ணம் பூச வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. கடலருகே உலோகத்தைத் தேர்வோர்க்கு அப்பாலம் ஒரு பாடம்.

மூன்று உலோகங்கள்

இரும்பு: வலிமை மிக்கது, விலை குறைந்தது, எளிதில் பற்றவைக்கலாம். ஆயினும் வெறும் வண்ணம் மட்டும் பூசிய இரும்பு கடலோரத்தில் நெடுநாள் நிலைப்பதில்லை. வண்ணத்தில் ஒரு கீறல் விழுந்தாலே துரு உள்ளே நுழைந்து, பூச்சுக்கு அடியில் பரவும். இதைத் தடுக்க, இரும்பை ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பர். பேச்சு வழக்கில் 'ஜி.ஐ.' எனப்படுவது இதுவே. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நம் பாட்டிமார் அறிவர். ஈயப் பூச்சு உணவுக்கும் பித்தளைக்கும் இடையே திரையாக மட்டும் நிற்கிறது. துத்தநாகப் பூச்சோ கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. ஆனால் துத்தநாகம் தீர்ந்தபின் இரும்புக்குக் காவல் இல்லை.

அலுமினியம்: இதன் எடை இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. காற்று பட்டவுடன் இதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தோன்றி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பில் தோன்றும் துரு உதிர்ந்துவிடும். இப்படலமோ ஒட்டி நிற்கும். இதன்மேல் தூள்வண்ணம் தூவிச் சூளையில் சுட்டால் காவல் இரட்டிப்பாகும். எனினும் இரும்பினும் மென்மையானதாதலால் கம்பிகள் போதிய தடிப்புடன் இருத்தல் வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு: சமையலறையில் 'எவர்சில்வர்' என வழங்குவது இவ்வினமே. இதிலுள்ள குரோமியம் காக்கும் படலத்தை உண்டாக்குகிறது. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 என்னும் வகையில்கூடக் கடலோரத்தில் பழுப்புக் கறைகள் தோன்றும். மாலிப்டினம் சேர்ந்த 316 என்னும் வகை உப்பை நன்கு தாங்கும்; விலையும் மிகுதி.

பொருத்துவதிலும் கவனம்

நல்ல உலோகமும் தவறான இணைப்பால் கெடும். இருவேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் ஒன்று விரைந்து அரிபடும். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையில் செப்புத் தகட்டைத் தாங்கிய இரும்புப் பட்டைகள் இவ்வாறே அரிபட்டன. 1980களில் அவற்றை நீக்கித் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் பொருத்தினர். ஆகவே அலுமினிய வேலியில் எஃகுத் திருகாணி இடும்போது, இடையே நைலான் வளையம் இடுவது நன்று. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்குமாதலால், தூணின் அடிப்பகுதிக்குத் தார் பூசுதல் வேண்டும்.

தூணின் அடி, கதவின் கீல், மழைநீர் கழுவாத மறைவிடம் ஆகியவற்றிலேயே அரிப்பு முதலில் தொடங்கும். மேலே பளபளக்கும் வேலி அடியில் இற்றிருக்கலாம். ஒரு குழந்தை சாயும் நாளில்தான் அது வெளிப்படும் என்றால், அவ்வேலியால் பயனில்லை. அவ்வப்போது நன்னீரால் கழுவுவதும் தூண்களை அசைத்துப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

எதைத் தேர்வது?

கடலை ஒட்டிய வீட்டுக்குத் தூள்வண்ணம் பூசிய அலுமினியம் ஏற்றது. செலவைத் தாங்க இயன்றோர் 316 வகை எஃகைத் தேரலாம். நெடுமங்காடு போன்ற உட்பகுதிகளில், துத்தநாகத்தில் முக்கி மேலே வண்ணமும் பூசிய இரும்பு போதுமானது. ஆனால் எவ்வுலோகமும் பெரியோரின் கண்காணிப்புக்கு ஈடாகாது. வேலி சில நிமிடங்களைத் தரும். அந்நிமிடங்களில் குழந்தையைத் தேடி வருவது மனிதரின் கடமை.

சொற்பொருள்

துத்தநாகம் – இரும்பின்மேல் பூசப்படும் உலோகம்
கீல் – கதவைத் தூணோடு இணைக்கும் உறுப்பு
இற்றல் – நைந்து வலிமை இழத்தல்

சிந்தித்து எழுதுக

1. ஈயப் பூச்சுக்கும் துத்தநாகப் பூச்சுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பூ வேலைப்பாடு மிக்க வேலி குளத்துக்கு ஏன் பொருந்தாது?
3. உம் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள இரும்புக் கதவொன்றைப் பெரியோர் துணையுடன் உற்றுநோக்கி, துரு எங்கே தொடங்கியுள்ளது என ஐந்து தொடர்களில் எழுதுக.