தறியை விட்டு நாலு நாள்

ஊரெல்லாம் காஞ்சிபுரத்துக்கு வருகிறது. காஞ்சிபுரத்துக்காரி எங்கே போகிறாள்? 2019ஆம் வருஷம் அத்திவரதர் குளத்தை விட்டு எழுந்தருளிய 48 நாட்களும் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. கல்யாண முகூர்த்தம் வந்துவிட்டால் பட்டு எடுக்க வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். நாங்களோ கோயில், தறி, அடுப்படி என்று மூன்றுக்கும் நடுவிலேயே சுற்றிச் சுற்றி வருகிறோம். வெளியூர் என்றால் கல்யாணம், காதுகுத்து, கருமாதி. அதுவும் காலையில் போய் இரவு திரும்பி விடுவோம்.

எங்கள் வீட்டில் கோர்வைப் புடவை நெசவு. உடலும் கரையும் தனித்தனி நிறமாகச் சேர்ந்து வரும் புடவை அது. மூன்று நாடா ஓட வேண்டும். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு அவர் நெய்வார். மறு கரைக்கு நாடா தள்ள ஒரு துணை வேண்டும். சின்னப் பிள்ளையாக என் மகன் தள்ளினான். அவன் ஒரகடம் கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகு நான்தான் தள்ளுகிறேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் புருஷன் பெஞ்சாதி ஆயிற்றே, நிறையப் பேசுவீர்கள் என்று நினைப்பீர்கள். "இழை அறுந்தது", "ஜரிகை தீர்ந்தது", "சாப்பிடலாமா" - இவ்வளவுதான் பேச்சு. கண் இரண்டும் பாவில் இருக்கும்போது மனசு எங்கே பேசும்?

தை மாதக் கல்யாணப் புடவைகளை ஒப்படைத்தாயிற்று. ஒரு பாவில் மூன்று புடவை வரும். அந்தப் பாவு முடிந்து, அடுத்த பாவு ஏற்றுவதற்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏங்க, தம்பியோட ஆம்னி வேன் சும்மாதானே நிக்குது? நாலு நாள் எங்கியாவது போயிட்டு வரலாமா?"

"எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்கு இல்லீங்க. சும்மா."

சும்மா என்ற வார்த்தை அவருக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று!

வெள்ளிக்கிழமை: ஏரியும் பறவையும்

முதல் நிறுத்தம் உத்திரமேரூர். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதி எல்லாம் அதில் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனிக் குழுவே வைத்திருந்தார்களாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தண்ணீருக்கு இவ்வளவு மரியாதை!

அங்கிருந்து வேடந்தாங்கல். கார்த்திகை முதல் மாசி வரை பறவைக் காலம். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் என்று மரத்துக்கு மரம் குடித்தனம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்ஜனங்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம். அந்த நன்றியை மறக்காமல் தீபாவளிக்குக்கூட அவர்கள் வெடி வெடிப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

மத்தியானம் ஏரிக்கரையில் மரத்தடியில் சாப்பாடு. வெள்ளிக்கிழமை ஆனதால் சைவம்தான். காஞ்சிபுரம் இட்லியே கைகொடுத்தது. பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றையும் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலையில் ஊற்றி வேக வைப்பது. தேங்காய்ச் சட்னி கூடாது, வெயிலில் கெட்டுவிடும். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி போதும்.

தென்னந்தோப்பில் இரண்டு இரவு

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரைக் கும்பிட்டுவிட்டு, செய்யூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். கடப்பாக்கத்தில் தெரிந்தவர்களின் தென்னந்தோப்பு. இரண்டு இரவுக்கு 800 ரூபாய். கிணறும் கழிப்பறையும் உண்டு. வேனின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பாய், ஜமுக்காளம் விரித்தோம். கதவுக்குக் கொசுவலை கட்டினோம்.

இப்படி வெளியில் தங்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆளில்லாத கடற்கரையிலோ காட்டிலோ கூடாரம் போடாதீர்கள். காடு என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி உயிர்விட்டதை மறக்க முடியுமா? தோப்பு, பண்ணை, வீட்டு முற்றம் என்று சொந்தக்காரரிடம் கேட்டுத் தங்குவதே நல்லது. வண்டிக்குள் படுத்தால் இஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கக் கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அடுப்பை ஒருநாளும் வண்டிக்குள் பற்ற வைக்காதீர்கள். மூடிய இடத்தில் சேரும் நச்சு வாயுவுக்கு வாசனை தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சனிக்கிழமை: தூண்டில் பாடம்

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இப்போது இடிந்த மதிலும், பின்னால் அமைதியான உப்பங்கழியும்தான் மிச்சம். விடியற்காலையில் ஒரு படகுக்கார அண்ணன் நைலான் கயிறு, ஊசி, இறால் துண்டு எல்லாம் தந்து எங்களைக் கரையோரம் உட்கார வைத்தார். ஏரியானாலும் கழியானாலும் ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும். பல ஏரிகளில் மீன் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். வேடந்தாங்கல் மாதிரி சரணாலயத்தில் கூடவே கூடாது.

என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்துப் படகுக்காரருக்கே ஆச்சரியம். மெல்லிய கயிற்றை ஒரே சுண்டலில் முடிச்சுப் போட்டுவிட்டார். அறுந்த பட்டு இழையைத் தினம் பிணைக்கிற விரல் ஆயிற்றே! ஆனால் ஊசியின் காதில் கயிற்றைக் கோக்கும்போது மட்டும் நாலைந்து தடவை தவறியது. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று மணி நேரத்தில் நாலு கிழங்கான், ஒரு கெளுத்தி. கெளுத்தி முள் குத்தினால் கடுப்பு தாங்காது. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும், பிறகு டாக்டரிடம் காட்டுங்கள் என்று படகுக்கார அண்ணனின் சம்சாரம் சொல்லிக் கொடுத்தார். நம் டாக்டர்கள் சொல்வதும் அதுவேதான். நாலு மீன் எந்த மூலைக்கு? கரையில் நடந்த ஏலத்தில் கொஞ்சம் நெத்திலியும் வாங்கிக்கொண்டேன். வீட்டிலிருந்து கரைத்துக் காய்ச்சி எடுத்து வந்த புளிக்காய்ச்சல், குழம்புப் பொடி, சின்ன சிலிண்டர் அடுப்பு. தோப்பில் கொதித்த அந்தக் குழம்பின் ருசி வீட்டில் வருமா?

நிலா வெளிச்சத்தில் வந்த பேச்சு

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே பாயில் உட்கார்ந்திருந்தோம். தறிச் சத்தம் இல்லை, டி.வி. இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

"மறைச்சு வச்சிருந்தேன். ஒரு வருஷமா இழை சரியாத் தெரியலை. கருப்பு பாவுன்னா தடவிப் பாத்துத்தான் பிணைக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சொல்லலீங்க?"

"கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா பாவு குடுப்பாங்களா? நீயும் பயந்துக்குவே. பையனும் தறிக்கு வரப்போறதில்லை."

பக்கத்திலேயே உட்கார்ந்து நாடா தள்ளுகிறவளுக்கு ஒரு வருஷமாகத் தெரியாத சங்கதி, வீட்டை விட்டு வந்த இரண்டாம் நாள் தெரிகிறது. வீட்டில் சொல்ல அவருக்கு நேரமில்லை என்பதல்ல, இடமில்லை. அங்கே எந்தப் பேச்சும் தறியில் போய் முடிந்துவிடும். மகன் கம்பெனி வேலையில் சுகமாக இருக்கிறானா, நமக்கு வயசானால் தறியை என்ன செய்வது, யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று அன்றைக்கு எத்தனையோ பேசினோம். எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் கேள்வியை இரண்டு பேரும் சேர்ந்து சுமந்தால் பாரம் பாதிதானே?

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போனோம். நாற்பது வயசுக்கு மேல் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்துதான், கூடவே சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது கண்ணாடி போட்டு நெய்கிறார். நெசவு, தையல், பூத்தொடுப்பது என்று கிட்டத்துப் பார்வையில் வேலை செய்கிறவர்கள் நாற்பதைத் தாண்டியதும் வருஷம் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது கட்டாயம்.

ஞாயிற்றுக்கிழமை: புதுச்சேரிச் சந்தை

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே புதுச்சேரிக்குப் போனோம். நேரு வீதியில் பெரிய மார்க்கெட். மீன், பூ, காய், மளிகை எல்லாம் ஒரே கூரை. மீன் வாங்கும்போது செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் மீன் விலை எகிறியிருக்கும்.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணி, பாத்திரம், பழைய புத்தகம் என்று கடைகள் நீண்டுகொண்டே போகின்றன. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு புடவையாகத் தொட்டுப் பார்த்து, "இது பவர்லூம், இது பாலியஸ்டர்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்காரர் காதில் விழுமுன் இழுத்து வந்தேன்!

திங்கட்கிழமை: அலையாத்திக் காடும் அணையா அடுப்பும்

ராத்திரி சிதம்பரத்தில் லாட்ஜ். காலையில் பிச்சாவரம். துடுப்புப் படகு அலையாத்தி மரங்களுக்கு நடுவில் சந்து சந்தாகப் போகிறது. 2004 சுனாமியின்போது இந்தக் காடு பின்னாலிருந்த குப்பங்களைக் காத்தது. இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் வெறுங்கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தூண்டிலில் நாலு மீன் பிடித்த பெருமை எனக்கு அங்கேயே அடங்கிப் போயிற்று.

திரும்பும் வழியில் வடலூர். வள்ளலார் 1867ல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. யார், எந்த ஜாதி என்று கேட்காமல் சாப்பாடு. வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறர் சமைத்து, பிறர் பரிமாறி நான் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று! பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டு ராத்திரி ஊர் வந்து சேர்ந்தோம்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

- பயணத்தில் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருப்பது. அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இலவச வசதி, தைரியமாகக் கேளுங்கள். எரிச்சலோடு காய்ச்சலும் இருந்தால் கைவைத்தியத்தில் காலம் தள்ளாதீர்கள்.

- வீட்டிலேயே காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு.

- மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிஷம் நடங்கள். இடுப்புக்கும் முழங்காலுக்கும் அதுதான் மருந்து.

- தினசரி மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் வையுங்கள்.

- அவசரத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, பெண்களுக்கு 181.

செலவு எவ்வளவு?

சுமார் 450 கிலோமீட்டர். பெட்ரோல் 3,400 ரூபாய், தோப்பு 800, லாட்ஜ் 1,000, படகும் நுழைவுச் சீட்டும் 600, சாப்பாடு, மீன் 1,500. ஆக 7,300 ரூபாய். இரண்டு கல்யாணத்துக்கு மொய் எழுதிப் போய்வரும் செலவு! இதற்காக நான் ஆடியிலிருந்தே வாரம் 300 ரூபாய் டப்பாவில் போட்டு வந்தேன்.

வண்டி இல்லாதவர்கள் பஸ்ஸிலேயே போகலாம். நாலு நாள் முடியாவிட்டால் ஒரே நாள் வேடந்தாங்கல் போய் வாருங்கள். கைக்குழந்தைக்காரிகள் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு மாலைப்பொழுது ஏரிக்கரையில் நடந்தாலும் போதும். பக்கத்திலேயே இருக்கிற மனுஷர் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்பது, அடுப்பும் தறியும் ஆபீஸும் கூப்பிடாத இடத்தில்தான் தெரியும். அடுத்த பாவு முடிகிற தேதியை நான் இப்போதே காலண்டரில் குறித்துவிட்டேன். நீங்களும் ஒரு தேதியைக் குறித்து வையுங்களேன்!