ஈறுக்கு அடியில் படியும் காரை

ஒரே பெயரில் இரண்டு வேலைகள்

பல் மருத்துவமனைகளில் ‘கிளீனிங்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு வேலைகள் குறிக்கப்படுகின்றன. ஈறுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் காரையையும், வெற்றிலை, புகையிலை, டீ விட்ட கறையையும் எடுப்பது ஒன்று. பெரும்பாலும் அது மரப்பு ஊசி இல்லாமல் ஒரே நாளில் முடிந்துவிடும். மற்றொன்று, பல்லைவிட்டு ஈறு விலகியதால் உண்டான இடுக்குக்குள் கருவியை இறக்கி, வேரின்மேல் ஒட்டியிருக்கும் காரையையும் கிருமிப் படலத்தையும் நீக்குவது. ஸ்கேலிங், ரூட் பிளானிங் இரண்டும் சேர்ந்த இந்த ஆழ்சுத்தம் பல்லை வெளுப்பாக்குவதற்கு அல்ல. பல்லைத் தாங்கும் எலும்பு மேலும் கரையாமல் நிறுத்துவதற்கு.

இந்த வேறுபாடு தெரியாததால் இரு வகையில் நஷ்டம். தேவைப்படுகிறவர் ‘பல் வெள்ளையாகத்தானே இருக்கிறது’ என்று தள்ளிப்போடுகிறார். தேவைப்படாதவர் பெயரைக் கேட்டுப் பயந்து பணம் கட்டிவிடுகிறார். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் நிறைந்த, பெங்களூருவை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில், தினக்கூலிக்காரர் பல்லுக்காக ஒரு நாள் போனால் ஒரு ஷிப்டும் அன்றைய கூலியும் போகும். எந்த வேலை எதற்கு என்று தெரிந்துகொண்டு போவது அங்கே இன்னும் அவசியம்.

காரை வந்த வழி

பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்லின்மேல் மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்கிவிடும். அப்போதே பிரஷ்ஷால் தேய்த்தால் அது போய்விடும். விட்ட இடத்தில் எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, சில நாட்களிலோ இரண்டு வாரத்திலோ கெட்டித்துக் காரையாகும். அதன்பின் எந்தப் பற்பசைக்கும் அது அசையாது. கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் காரை முதலில் தெரிவதற்குக் காரணம், எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதுதான்.

போர் தண்ணீர் குடிக்கும் ஊர்களில், தண்ணீரின் உப்புதான் பல்லில் படிகிறது என்று சொல்வார்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து வந்த எண்ணம் அது. பல்லில் படிவதற்கான தாது வருவது எச்சிலிலிருந்து; ஈறுக்கு அடியில் படிவதற்கு, ஈறு இடுக்கில் ஊறும் கசிவிலிருந்து. கேன் தண்ணீருக்கு மாறுவதால் காரை நிற்காது.

காரை தானாக ஈறைக் கெடுப்பதில்லை. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் கிருமிப் படலம் விடாமல் ஒட்டியிருப்பதுதான் தீங்கு. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் சகாக்களும் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஈறு சிவந்து, தேய்த்தால் ரத்தம் கசியும் இந்த நிலை முழுமையாகத் திரும்பக்கூடியது. இதைத் தாண்டி எலும்பு கரையத் தொடங்கினால், போன எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

மலையகத்தின் 480 பேர்

ஈறு நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு இலங்கை மலையகத் தமிழர்களின் வாயிலிருந்து கிடைத்தது. இது தமிழில் அதிகம் பேசப்படாத செய்தி. லோவின் குழு 1970-ல் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்து, அடுத்த 15 ஆண்டுகளுக்கு இடைவெளி விட்டு விட்டு அவர்களையே மறுபடி மறுபடி அளந்தது. வழக்கமான பல் துலக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. பல் மருத்துவ வசதியும் இல்லை. ஆகவே அழுக்கும் காரையும் கறையும் எல்லார் வாயிலும் ஒரே அளவில் நிறைந்திருந்தன, ஈறு வீக்கமும் அப்படியே.

முடிவு மட்டும் ஒரே மாதிரி இல்லை. ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து பரவியது. 81 சதவீதத்தினருக்கு மெல்ல நகர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. விரைந்து பரவிய குழுவினர் 20 வயதிலேயே பல்லை இழக்கத் தொடங்கினர். 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போயின, 40-ல் 20, 45-ல் ஒன்றும் மிச்சமில்லை. 1986-ல் வெளியான இந்த ஆய்வு பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டது. தோட்டத் தொழிலாளருக்கு அதனால் கைமேல் என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி.

அழுக்கு இல்லாமல் ஈறு நோய் வராது. ஆனால் அதே அழுக்கு யாருடைய பல்லை எவ்வளவு சீக்கிரம் விழுத்தும் என்பதை அவரவர் உடலும் பழக்கமும் தீர்மானிக்கின்றன. ஆகவே வாயைத் திறந்து காரையைப் பார்த்த மாத்திரத்தில் சிகிச்சையை முடிவுசெய்ய முடியாது. அளந்து பார்க்க வேண்டும்.

மில்லிமீட்டர் கணக்கு

அளப்பதற்கு உள்ள கருவி புரோப். நுனி மழுங்கிய, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் ஆழத்தைக் குறிப்பார்கள். ‘மூணு, ரெண்டு, மூணு… ஆறு, அஞ்சு, ஆறு’ என்று மருத்துவர் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வது இந்தக் கணக்குதான். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4-க்கு மேல் போய், தொட்டால் ரத்தமும் வந்தால் நோய் உள்ளே இருக்கிறது. 6-ம் அதற்கு மேலும் என்றால் எலும்பு கணிசமாகக் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே அதை உறுதிப்படுத்தும்.

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடங்களில் வேர்வரை சுரண்டினால் நன்மைக்குப் பதில் ஈறின் பிடிப்பு சற்றுக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே புரோப் வைக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் ‘முழு வாய்க்கும் டீப் கிளீனிங்’ என்று சொல்லப்பட்டால், எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

நாற்காலியில் நடப்பது

வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒரு நாளுக்கு ஒன்றோ இரண்டோ பகுதி செய்வது பழைய முறை. எல்லாவற்றையும் 24 மணி நேரத்துக்குள் முடிக்கும் முறை 1990-களில் பெல்ஜியத்தின் லூவன் நகரில் உருவானது. இரண்டின் பலனிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அடிக்கடி விடுப்பு எடுக்க முடியாதவர் இதைச் சொல்லி, குறைந்த நாட்களில் முடித்துத் தரக் கேட்கலாம்.

முதலில் லிக்னோகெய்ன் மரப்பு ஊசி. உதடு மரத்ததும் அல்ட்ராசானிக் கருவி உள்ளே போகிறது. அதன் முனை ஒரு நொடிக்கு ஏறக்குறைய 25,000 தடவையோ அதற்கு மேலோ அதிர்ந்து காரையைப் பெயர்க்கும். கூடவே பீய்ச்சும் தண்ணீர் சூட்டைத் தணித்து, பெயர்ந்ததை அலசிவிடும். பிறகு கைக்கருவி. கிரேசி க்யூரெட் எனப்படும் இந்த வளைந்த கருவிகளில் பல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் உண்டு: கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11-12, பின்பக்கத்துக்கு 13-14. அலகை வேரோடு படிய வைத்து உள்ளே இறக்கி, அடிவரை போனதும் சற்றுத் திருப்பி, சின்னச் சின்ன இழுப்பாக மேலே கொண்டுவருவார்கள். உள்ளே நடப்பது மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாது, விரல்நுனிதான் கண். கரகரப்பு வழுக்கலாக மாறுவதைக் கை உணரும்வரை இழுப்பு தொடரும். பஞ்சில் ரத்தத்தோடு கறுப்புத் துணுக்குகள் வரும்.

முன்பெல்லாம் வேரின் மேல்தோலையே சீவிக் கண்ணாடிபோல் ஆக்குவார்கள். கிருமிகளின் நஞ்சு மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தபின் அவ்வளவு சுரண்டுவதில்லை.

சில நாட்களுக்கு ஈறு நோகும். தண்ணீரும் காற்றும் பட்டால் பல் கூசும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது இதம் தரும். 0.2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் மருந்தை இரண்டு வாரத்துக்கு எழுதித் தருவதுண்டு. சொன்ன நாட்களைத் தாண்டித் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். ஆன்டிபயாடிக் மாத்திரை எல்லாருக்கும் தேவையில்லை.

‘கிளீன் செய்தால் பல் ஆடும்’

ஆழ்சுத்தத்தைத் தள்ளிப்போடுவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் இதுதான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. சுத்தம் செய்தபின் பல் ஆடுவதைப் பார்த்திருப்பார். எலும்பு கரைந்து பிடிப்பிழந்த பற்களைக் காரை, செங்கல் நடுவே சிமென்ட் பூசியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும். பூச்சை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பல் நடுவே திடீரென இடைவெளி தெரிவதும் இப்படித்தான். காரை அடைத்திருந்த இடம் காலியாகிறது, வீங்கியிருந்த ஈறு வற்றுகிறது. வீக்கம் தணிந்தபின் சில வாரங்களில் லேசான ஆட்டம் குறைவதும் உண்டு. மிகவும் ஆடும் பற்களைச் சில காலம் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டிவைப்பார்கள். எனாமல் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

சர்க்கரையும் புகையிலையும்

ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று மோசமாக்கும். சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு சீக்கிரம் கெடும். ஈறில் நீடிக்கும் அழற்சி சர்க்கரையை ஏற்றும். 35 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வந்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீட்டின்படி, ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில், சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்தது. மாத்திரைக்கு மாற்று அல்ல. ஆனாலும் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கும் நாட்டில் இது சிறிய லாபமும் அல்ல. சர்க்கரை மருத்துவர் கால், கண் பார்க்கச் சொல்வதுபோல் ஈறையும் பார்க்கச் சொல்வது வழக்கமாக வேண்டும்.

2016-17 தேசியக் கணக்கெடுப்பில் கர்நாடகப் பெரியவர்களில் 22.8 சதவீதத்தினரும் தமிழ்நாட்டில் 20 சதவீதத்தினரும் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். புகைப்பவருக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைவதால் ரத்தக் கசிவு என்ற முதல் எச்சரிக்கையே கிடைப்பதில்லை. பல் ஆடும்போதுதான் தெரியவரும். ஆழ்சுத்தத்தின் பலனும் அவருக்குக் குறைவு. ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையை உதட்டுக்குள் அடக்குபவருக்கு, வைக்கும் இடத்திலேயே ஈறு கீழிறங்கி வேர் தெரியும். வாய்ப்புற்று அபாயம் தனி.

இதய வால்வு மாற்றியவர்கள் சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாக ஆன்டிபயாடிக் தேவைப்படும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிடாயின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அவர்களுக்கு மருந்தை மாற்றலாமா என்பதை எழுதித் தந்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மறுபடி அளத்தல்

ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் புரோப்பால் மீண்டும் அளக்க வேண்டும். அதுவரை சிகிச்சை பாதிதான் முடிந்திருக்கிறது. 4 முதல் 6 மில்லிமீட்டர் இடுக்குகள் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலும், 7-க்கு மேற்பட்டவை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டரும் குறையும். இடுக்கு ஆழமாக ஆக, கருவிக்கு எட்டாமல் காரை தங்கிவிடும் வாய்ப்பும் கூடும். வேர் பிரியும் கடைவாய்ப் பற்களில் அது இன்னும் அதிகம். அப்படி மிஞ்சும் ஆழ இடங்களில் ஈறைத் திறந்து செய்யும் ஃபிளாப் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சை என்பது சரியான வரிசை அல்ல.

பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ் வீட்டில் தினமும் வேண்டும்; சாதாரண பிரஷ் அந்த இடத்தைத் தொடாது. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்புச் சுத்தம், பிறகு அளவைப் பார்த்து இடைவெளியைக் கூட்டலாம்.

ஆனேக்கல்வாசிகளுக்கு

தாலுகாவிலிருந்து பெங்களூரு நகருக்குள் போகும் ஓசூர் சாலையிலேயே பொம்மனஹள்ளியில் ஆக்ஸ்போர்டு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விக்டோரியா மருத்துவமனை அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரிகளில் ஈறு நோய்க்கெனத் தனித் துறை உண்டு. மாணவர்கள் செய்வதால் நேரம் கூடுதலாகும், செலவு தனியார் கிளினிக்கைவிடக் குறைவு, ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் சரிபார்ப்பார். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி முதலில் தம் டிஸ்பென்சரியில் கேட்டுப் பார்க்கலாம்.

ஒப்பந்த வேலை முடிந்து ஊர் மாறுகிறவர்கள் ஈறு அளவு எழுதிய தாளையும் எக்ஸ்ரேயையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓசூரிலோ திருப்பூரிலோ அடுத்துப் பார்க்கும் மருத்துவர், இடுக்கு குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்பதை அந்த எண்களோடு ஒப்பிட்டே சொல்வார்.