பரிசு யாருக்கு?

ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், தம் ஆசிரியரிடம் அரிதிற் பெற்ற மந்திரப் பொருளைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி நின்று ஊரார் அனைவர்க்கும் உரக்கக் கூறினார் என்பர் வைஷ்ணவப் பெரியோர். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று மோட்டார் கார்களும் கைப்பேசிகளும் இரவு பகலாக உற்பத்தியாகின்றன. சரக்கு கப்பலேறுகிறது; வித்தையோ இன்னும் கோபுரம் ஏறவில்லை.

இதை நினைக்கும்படி நம்மைத் தூண்டியது அமெரிக்காவில் நடக்கும் ஒரு காரியம். கலிபோர்னியாவில் ஸெனிக் என்றொரு ஸ்தாபனம் 1997 முதல் இயங்குகிறது. கலாசாலைகளையும் பள்ளிகளையும் புத்தகசாலைகளையும் அதிவேகக் கண்ணாடி நாரினால் இணைப்பது அதன் தொழில். அந்த இணைப்பைப் புதிய முறையில் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் பயன்படுத்தியோரைத் தேர்ந்து அது பரிசளித்து வந்திருக்கிறது. கம்பி போட்டவனைக் காட்டிலும் கம்பியால் காரியம் செய்தவனைக் கௌரவிப்பது நல்ல வழக்கமே.

அந்நாட்டு ஸான் டியேகோ பிரதேசத்தில் 2000-ல் ஒரு கம்பியில்லா ஆராய்ச்சி நெட்வொர்க் தொடங்கியது. மலையுச்சிகளில் கோபுரங்கள் நட்டார்கள். பலோமர் வானாய்வுக்கூடத்திலிருந்து நட்சத்திரப் படங்கள் அதன் வழியே இறங்கின. காட்டுத்தீயை முன்னறிய அக்கோபுரங்களிலேயே காமிராக்கள் அமர்ந்தன. நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று: அதே அலைகளைக் கொண்டு மலையோரத்து ஆதிகுடிகளின் கல்வி நிலையங்களையும் இணைத்தார்கள். வான சாஸ்திரிக்குக் கிடைத்த வேகம் குடிசைப் பிள்ளைக்கும் கிடைத்தது.

நம் தேசம் இவ்விஷயத்தில் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 1986-லேயே ஐக்கிய நாடுகளின் உதவியுடன் எர்னெட் தொடங்கிற்று, சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் முதற் பங்காளிகளுள் ஒன்று. 2010 மார்ச்சில் தேசிய அறிவு நெட்வொர்க்குக்கு மத்திய சர்க்கார் 5,990 கோடி ரூபாய் அனுமதித்தது. ஜெனீவாவில் அணுத்துகள்களை மோதவிட்டுக் கிடைக்கும் கணக்குகளை, மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம் விஞ்ஞானிகள் அதன் வழியே பெற்று ஆராய்கிறார்கள். 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் கூடித் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இன்று யாரும் காசின்றிக் கேட்கலாம். தமிழ்நாட்டின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி நார் கொண்டு செல்லும் வேலையையும் மாநில சர்க்கார் ஏற்றிருக்கிறது.

ஆயினும் கம்பி நீளத்தைப் பேசுவோர் பலர்; அதனால் கற்றவர் எத்தனை பேரென்று கேட்போர் சிலரே. இக்கேள்வி ஸ்ரீபெரும்புதூரில் வெறும் சம்பிரதாயக் கேள்வியன்று. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் முதல் தேதியுடன் நின்றது. வரி வழக்கினால் அது மைக்ரோசாப்ட் கிரயத்தில் சேராமற் போன கதை வாசகர் அறிந்ததே. ஆயிரக்கணக்கான இளைஞர் தெருவுக்கு வந்தார்கள். ஒரே இயந்திரத்தின் ஒரே அசைவை மட்டும் பழகிய கைக்கு வேறு தொழில் எளிதில் கிட்டுமா? 2021 டிசம்பரில் உணவுக் கேட்டினால் வெகுண்டு பெங்களூர்ச் சாலையில் அமர்ந்த பெண் தொழிலாளிகளும் இப்பகுதியினரே. அவர்கள் கேட்டது நல்ல சோறு. அது முதற் கடன். அதன் பிறகு அவர்களுடைய விடுதிக்கு வரவேண்டியது பாடம்.

ஒரகடத்தில் மோட்டார் வாகனங்களைச் சோதிக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே எஞ்சினீயரிங் கலாசாலைகள் உள்ளன. சோதனைக்கூடத்தில் வண்டி ஓடும்போது தோன்றும் அளவுகளை அக்கணமே கலாசாலை மாணவர் பார்த்துப் பழகலாம். அவ்வளவுகளையே தமிழில் விளக்கி, இரவு ஷிப்டு முடித்து வரும் பெண்ணுக்கு விடுதியில் வகுப்பு நடத்தலாம். இரண்டுக்கும் ஒரே நார் போதும். கம்பெனி ரகசியம் வெளியாகுமே என்று முதலாளிகள் தயங்குவர். ரகசியத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்; கணிதமும் மின்சாரமும் எவருடைய ரகசியமும் அல்லவே.

ஆகவே, நம் மாநில சர்க்கார் இதற்கென ஆண்டுப் பரிசொன்று ஏற்படுத்த வேண்டுகிறோம். பரிசென்றதும் பொன்னாடையும் போட்டோவும் என்றெண்ணிவிட வேண்டாம். வென்ற திட்டம் மேலும் இரண்டாண்டு நடக்கத்தக்க பொருள் அளிக்க வேண்டும். தீர்ப்போரில் பேராசிரியர் இருக்கட்டும். பாடம் கேட்ட தொழிலாளியும் ஒருவர் இருக்கட்டும். வழங்கும் விழாவைச் சென்னை ஹோட்டலில் வைக்காமல் ஸ்ரீபெரும்புதூரிலேயே, பகல் ஷிப்டு விடும் நேரம் பார்த்து வைக்கட்டும்.