வெந்நீர்க் கலனும் ஷவர் பம்பும்

இங்கிலாந்தின் பழைய வீடுகள் பலவற்றில், வெந்நீர் தெருக் குழாயின் அழுத்தத்தால் அல்லாமல், பரணில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் உயரத்தால் மட்டுமே குளியலறைக்கு வந்து சேர்கிறது. தொட்டி நீர் செப்புக் கலனின் அடியில் புகுந்து, சூடேறி, உச்சியில் தங்கி, அங்கிருந்து குழாய்களுக்குப் பிரிகிறது. தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் கிடைப்பது 0.1 பார் அழுத்தமே; மாடிக் குளியலறையில் அந்த உயரமும் குறைவு என்பதால் ஷவரில் நீர் நூலாக ஒழுகும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே குளிப்போரும் இதே குறையை அறிவர். இதைத் தீர்க்கவே ஷவர் பம்ப் பொருத்தப்படுகிறது.

பம்ப் வாங்குவோர் அதன் திறனையே பெரிதாகக் கேட்கின்றனர். ஆனால் பம்பின் ஆயுளைத் தீர்மானிப்பது, கலனின் எந்த இடத்திலிருந்து அது நீரை எடுக்கிறது என்பதே. நீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழிகளாகப் பிரிந்து கலனின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து தொட்டியின் மேல் வளைந்து நிற்கும் திறந்த காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியேறுகிறது. வீட்டின் மற்ற வெந்நீர்க் குழாய்களைப் போலவே பம்பின் குழாயையும் அந்தக் காற்றுப்போக்கியிலிருந்து பிரித்துவிட்டால், பம்ப் வேகமாக உறிஞ்சும்போது நீருடன் காற்றும் உள்ளே வந்து, ஓசை பெருகி, நீரால் குளிர வேண்டிய சீல்கள் காய்ந்து பழுதாகின்றன. இதைத் தவிர்க்க, உச்சியில் சர்ரே ஃபிளாஞ்ச் என்ற இணைப்பு பொருத்தப்படுகிறது. அதன் உட்குழாய் கலனுக்குள் இறங்கி, குமிழிகள் சேரும் இடத்துக்குக் கீழிருந்து பம்புக்கு நீர் தருகிறது. காற்றோ மேல்வழியே பழையபடி போய்விடுகிறது. கலனின் பக்கவாட்டில் துளையிட்டுப் பொருத்தும் எசெக்ஸ் ஃபிளாஞ்சும் இதே பணியைச் செய்யும். ஆனால் மெல்லிய செப்புத் தகட்டில் துளையிடுவது கைதேர்ந்த பிளம்பருக்கே உரிய வேலை.

தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர்கள் இரண்டு ஒரே மோட்டாரில் இயங்கும் பம்பில், வெந்நீரும் குளிர்நீரும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் வந்து சேர வேண்டும். ஆகவே குளிர்நீர் பக்கத்துக்குத் தெருக் குழாயை இணைக்காமல், அதே பரண் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுக்கப்படுகிறது. அது கலனுக்குச் செல்லும் குழாயைவிடச் சற்றுத் தாழ்வாகத் தொட்டியில் பொருத்தப்பட்டால், நீர் குறையும்போது முதலில் வெந்நீரே நின்றுபோகும். குளிப்பவர் மேல் கொதிநீர் மட்டும் கொட்டும் ஆபத்து நேராது. பம்ப் உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதையே நன்றாகச் செய்யும் என்பதால், அதன் இடம் கலனின் அடியருகே தரைமட்டம். அதற்கு வரும் குழாய்கள் பொதுவாக 22 மில்லிமீட்டர் அளவுள்ளவை. பற்றவைக்கும்போது உள்ளே தங்கும் ஃப்ளக்ஸ் பசை சீலைக் கெடுக்குமாதலால், பம்பை இணைக்கும் முன் குழாய்களில் நீர்விட்டு அலச வேண்டும். அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான். தெருக் குழாய் அழுத்தத்திலேயே இயங்கும் காம்பி பாய்லருக்கும் மூடிய வகைக் கலனுக்கும் இவ்வகைப் பம்ப் பொருந்தாது.

கலனின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது நல்லது. குறைந்தால் லெஜியனெல்லா பாக்டீரியா பெருக இடமுண்டு, 65 பாகையைத் தாண்டினால் காற்று மிகுதியாகப் பிரிவதோடு சீல்களும் விரைவில் தேய்கின்றன. 60 பாகை வெந்நீரை 10 பாகைக் குளிர்நீருடன் கலந்து 40 பாகையில் குளித்தால், நிமிடத்துக்கு 15 லிட்டர் பொழியும் ஷவர் 9 லிட்டர் வெந்நீரை இழுக்கும். 120 லிட்டர் கலன் அந்த வேகத்தில் 13 நிமிடத்துக்கு மேல் தாங்காது.