நாள்தோறும் ஓட்டுவதற்கு எந்தக் கார்?

34 ஆண்டுகள் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மாணவர் கேட்ட கேள்விகள் பல. அவற்றுட் சிலவற்றுக்கு உடனே விடை கூறினேன், சிலவற்றுக்கு மறுநாள் கூறினேன். ஆனால், இரண்டு கார்களுள் எதை வாங்குவது என்ற கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை. 2024 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஜேர்மனியில், என் தங்கையின் மகனே அதனை முதன்முதலாகக் கேட்டான். சிறிய கேள்வி என்றே எண்ணினேன். விடை காண்பதற்கு மூன்று வாரங்கள் சென்றன.

மருமகன் லுட்விக்ஸ்பேர்க் நகரில் வசிக்கிறான். ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வடக்கே, ஹைல்புரோன் நகரில், பொறியியலாளனாகத் தொழில் புரிகிறான். காலையில் ஆறு வயது மகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, நெடுஞ்சாலையிலே சென்று, மாலையில் அவ்வழியே மீள்வது அவனது நாளாந்த வாழ்க்கை. 15 ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு போர்ஷ 911 டர்போ ஒன்றை, பழைய காராக, வாங்க முடிவுசெய்திருந்தான். விற்பனைக்கு வந்தவற்றுள் இரண்டைத் தெரிந்தும் வைத்திருந்தான். ஒன்று 1986 இல் செய்யப்பட்டது. மற்றையது 2007 இல் செய்யப்பட்டது.

“மாமா, நீங்கள் பௌதிகம் படிப்பிச்சனீங்கள். ஒருபக்கமும் சாயாமல் சொல்லுங்கோ, எதை எடுக்கிறது?” என்றான்.

சாயாமற் சொல்லும்படி என்னைக் கேட்டானேயன்றி, அவன் உள்ளம் முன்னரே சாய்ந்திருந்தது. அதற்கோர் காரணமும் இருந்தது. அவனுடைய தந்தையார் 1985 இல் கிழக்குப் பேர்லின் வழியாக அகதியாக அந்நாடு சேர்ந்தவர். பின்னர் ஸ்ருட்காட் நகரின் ஒரு பகுதியாகிய சூஃபன்ஹவுசனில், உணவுச்சாலை ஒன்றின் சமையலறையிற் பாத்திரம் கழுவும் வேலை பெற்றார். போர்ஷ கார்கள் உருவாகும் தொழிற்சாலை அமைந்திருப்பதும் அவ்விடத்திலேதான். 1990 இல் தாயுடன் அங்குச் சென்று சேர்ந்த சிறுவன், தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, அகன்ற பின்சிறகு கொண்ட கார் ஒன்று முழங்கிச் செல்வதைக் கண்டிருக்கிறான். தந்தையார் இன்று உயிரோடு இல்லை. அந்தக் கார் மாத்திரம் இவன் மனத்திலே நின்றுவிட்டது. 1986 ஆம் ஆண்டு வாகனம் அந்த இனத்தைச் சேர்ந்தது.

டர்போ என்பது யாதென மாணவர் பொருட்டுச் சிறிது கூறுவேன். எஞ்சினின் உருளைகளில் எரிந்த வாயு வெளியேறும்போது வெப்பத்தையும் விசையையும் உடன்கொண்டு செல்கிறது. சாதாரண எஞ்சினில் அவை வீணே போகின்றன. டர்போ பொருத்திய எஞ்சினில், வெளியேறும் வாயு ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சில் அமைந்த மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், வலுவும் மிகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி 1905 இல் உரிமம் பெற்ற கருத்து இது. வீணாகுவதை மீட்டெடுக்கும் அழகிய கருத்து என்பதில் ஐயமில்லை.

எனினும், மீட்டெடுப்பதற்குச் சிறிது நேரம் வேண்டும். அக்சிலறேற்றரை மிதித்தவுடன் சுழலி முழுவேகம் அடைவதில்லை. வாயு பெருகவேண்டும்; சுழலி நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்களை எட்டவேண்டும்; அதன் பின்னரே வலு பிறக்கும். மிதித்த கணத்துக்கும் வலு வரும் கணத்துக்கும் இடையிலுள்ள இந்தத் தாமதமே பழைய டர்போவின் குணம். அவ்விரு கார்களுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இத்தாமதத்துள் அடங்கும்.

911 டர்போ 1974 இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. உலகத்தை எண்ணெய் நெருக்கடி வாட்டிய மறு ஆண்டு அது. 3 லீற்றர் எஞ்சினும் 260 பரிவலுவும் உடையதாய் விற்பனைக்கு வந்த வாகனம், 1978 ஆம் ஆண்டு மாதிரியில் 3.3 லீற்றரும் 300 பரிவலுவும் உடையதாயிற்று. அமுக்கிய காற்றைக் குளிரச்செய்யும் இன்ரர்கூலரும் அப்போது சேர்ந்தது. 1989 வரை அவ்வமைப்புத் தொடர்ந்தது. எஞ்சினைக் குளிர்விப்பது நீரன்று, காற்றும் எண்ணெயுமே. டர்போ ஒன்றே, அதுவும் பெரியது. கடைசி ஆண்டு மாதிரி நீங்கலாக, கியர்களும் நான்கே. வலு முழுவதும் பின்சக்கரங்களுக்கே செல்லும். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னே தொங்குகிறது.

விற்பவரின் அனுமதியுடன் அதனை ஒரு மழை நாளில் லோவன்ஸ்ரைன் குன்றுகளின் பக்கம் ஓட்டிச் சென்றோம். இருபுறமும் மஞ்சளித்த திராட்சைத் தோட்டங்கள். மருமகன் ஓட்டினான்; நான் அருகில் இருந்தேன். காரின்மீது குறைகூற எனக்கு எதுவுமில்லை. கதவு மூடும் ஓசை ஓர் இரும்புப் பெட்டகத்தினுடையது. சுக்கானில் வலுவுதவி இல்லை. வீதியின் ஒவ்வொரு கல்லையும் கை அறிந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வளைவொன்றினின்று வெளியேறும்போது அவன் மிதித்தான், ஒன்றும் நிகழவில்லை, மேலும் மிதித்தான், பின்பு முதுகிலே ஒரு கை வைத்துத் தள்ளியதுபோல வாகனம் பாய்ந்தது. அவன் முகத்தில் ஒரு சிறுவனின் மகிழ்ச்சி. என் உள்ளங்கையில் வியர்வை.

பௌதிகம் இங்கே கடுமையானது. வளைவின் நடுவே எதிர்பாராத வலு வந்து, ஓட்டுபவர் அஞ்சி அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுப்பாராயின், பாரம் முன்னோக்கிச் சாயும்; பின் ரயர்களின் பிடி குறையும்; பின்னே தொங்கும் எஞ்சினின் நிறை வாகனத்தின் வாலை வெளிப்புறம் இழுக்கும். ‘விதவையாக்கி’ என்ற கொடிய பட்டப்பெயர் அவ்வாகனத்துக்கு வழங்கியதன் காரணம் இதுவே. கைதேர்ந்தவருக்கு இது விளையாட்டு. ஆனால் சக்கரங்கள் பூட்டுவதைத் தடுக்கும் பிறேக் ஏற்பாடோ, காற்றுப் பையோ, சறுக்கலைத் திருத்தும் கருவியோ அதில் இல்லை. வாகனம் மன்னிப்பதில்லை என்பதன்று. மன்னிக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரிடமே விடப்பட்டுள்ளது.

மறுவாரம் 2007 ஆம் ஆண்டு வாகனத்தைப் பார்த்தோம். 2006 இல் அறிமுகமான அவ்வமைப்பின் எஞ்சின் நீராற் குளிர்விக்கப்படுவது, 3.6 லீற்றர் உடையது. டர்போக்கள் இரண்டு. சுழலியைச் சூழ்ந்துள்ள சிறு தகடுகள் வாயுவின் அளவுக்கேற்பச் சாய்ந்து கொடுக்கின்றன. வாயு குறைவாக உள்ளபோது வழியை ஒடுக்கி அதன் வேகத்தைக் கூட்டுகின்றன. மிகுந்தபோது வழியை அகலத் திறக்கின்றன. தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது குழாயின் வாயை விரலால் ஒடுக்குகிறோமன்றோ, அதே தத்துவம். ஆகவே தாமதம் பெரிதும் அற்றுப்போயிற்று. 480 பரிவலு நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுகிறது. வலு கூட, அச்சம் குறைவு. நெடுஞ்சாலையில், மழையில், பாரவண்டிகளின் நீர்த்தூறலுக்கிடையே, நான் கண்ணயர்ந்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

“இதிலை உயிரில்லை, மாமா” என்றான் மருமகன்.

அன்றிரவு அவன் என்னை என் சொந்த ஆயுதத்தாலேயே தாக்கினான். “ஊரிலை நீங்கள் ஓடின ஏ-40க்கு அப்ப எத்தினை வயது? அது நாளாந்தம் ஓடேல்லையோ?”

உண்மைதான். 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ-40 ஒன்று என்னிடம் இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருந்தலாயிருந்தபோது, காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் அதுவும் ஒன்று. நாற்பது வயதான வாகனம் நாள்தோறும் ஓடும் என்பதற்கு நானே சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சியத்தை முழுமையாகக் கேட்கவேண்டும். ஏ-40 இன் எஞ்சின் 1,200 கன சென்ரிமீற்றர்; வலு ஏறக்குறைய 40 பரிவலு. அதன் பிழைகள் மெதுவாக வந்தன. வந்த பிழையைத் தெருமுனைத் திருத்துநர் கம்பித் துண்டொன்றாலும் சரிசெய்தார். அது நின்றுபோனால் சைக்கிளில் சென்றோம். பள்ளிக்கூடம் சிறிது காத்திருந்தது. 300 பரிவலுவுடன், மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் மற்றவர்கள் விரையும் சாலையில், வயது வேறு பொருள் கொள்கிறது. பழையது நாள்தோறும் ஓடுமா என்பதன்று கேள்வி. அது ஓடாத நாளில், அல்லது நாம் நன்றாக ஓட்டாத நாளில், என்ன நிகழும் என்பதே கேள்வி.

பின்னர் அங்குள்ள அனுபவம் மிக்க திருத்துநர் ஒருவரிடம் இரண்டு வாகனங்களையும் காட்டினோம். அவர் கூறியவை எந்தப் பழைய டர்போவை வாங்குவோருக்கும் பயன்படும். முதலில் வாகனத்தைப் பாராது, அதன் பராமரிப்புப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். டர்போவின் அச்சு எண்ணெயிலே மிதந்து சுழல்வது. எண்ணெய் காலந்தோறும் மாற்றப்படாத டர்போ, வெளியே பளபளத்தாலும் உள்ளே தேய்ந்தது. நெடிது ஓடிய சூட்டுடன் எஞ்சினைத் திடீரென நிறுத்தும் பழக்கமுள்ளவரின் வண்டியில் எண்ணெய் கருகிப் படிந்திருக்கும். உருளைகளின் அழுத்தத்தை ஒவ்வொன்றாக அளக்கவேண்டும். கிளப்பும்போது நீலப் புகை வருகிறதா எனக் காணவேண்டும். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். தேயாத ரயரும் முதுமை அடையும்.

புதியதற்குச் சலுகை காட்டவும் அவர் விரும்பவில்லை. 2007 இல் செய்யப்பட்டதும் 17 வயதினதே. அந்த எஞ்சினில் நீர்க்குழாய் இணைப்புக்கள் சில பசையால் ஒட்டப்பட்டவை. அவை காலப்போக்கில் தளரக்கூடும் என்பது அவ்வினத்தை அறிந்தோர் யாவரும் அறிந்தது. பழையதன் நோயைக் காதாலும் மூக்காலும் அறியலாம். புதியதன் நோயை அறியக் கணினி வேண்டும். பழையதில் இறப்பர்க் குழாய்களும், எரிபொருளைப் பகிரும் நுண்கருவியும் நெடுநாள் நிற்பதை விரும்பா. மாரியில் வீதியிலிடும் உப்பையும் அது விரும்பாது. குளிர்காலையில் முன்கண்ணாடியின் மூட்டத்தை நீக்கவும் அதற்கு நேரம் வேண்டும்.

சட்டமும் விலையும் ஒருவாறு பழையதன் பக்கம் நின்றன. ஜேர்மனியில் 30 ஆண்டு கடந்த வாகனம், தன் பழைய நிலையிற் பேணப்பட்டிருப்பின், வரலாற்று வாகனம் என்ற தனி இலக்கத்தகட்டைப் பெறலாம். வரி குறைவு, நகரங்களின் புகைக் கட்டுப்பாட்டு வலயங்களுக்குள்ளும் செல்லலாம். வாங்கும் விலை பழையதற்கே கூட; ஆயினும் அது ஏறுமுகமாயிருப்பதால் முதல் அழியாது என மருமகன் கணக்கிட்டான். கணக்கு பிழையன்று. ஆனால் நாள்தோறும் 80 கிலோமீற்றர் ஓட்டப்படும் வாகனம் எந்தப் பெறுமதியைக் காக்கும்? ஓட்டினாற் பெறுமதி தேயும். தேயாதிருக்க நிறுத்திவைத்தால் வேலைக்குச் செல்ல வேறொரு கார் வேண்டும்.

இவையனைத்தையும் ஒரு தாளில் இரு நிரல்களாக எழுதி மேசையில் வைத்தேன். அவன் வாசித்தான்; ஒன்றும் பேசவில்லை. தந்தையாரின் நினைவுக்கு அத்தாளில் எந்த நிரலும் இல்லை என்பதை நானும் உணர்ந்தேன். அதை எதிர்த்து வாதிட எனக்கு உரிமையும் இல்லை.

அடுக்களையில் நின்ற தங்கைதான் அப்போது பேசினாள். “அண்ணை, அவர் அந்தக் கார் தனக்கு வேணுமெண்டு ஒருநாளும் சொன்னதில்லை. மழைக்குள்ளை பஸ்ஸுக்கு நிக்கேக்கை, ‘நனையாமல் வேலைக்குப் போக ஒரு கார் இருந்தால் காணும்’ எண்டுதான் சொல்லுறவர்.”

மருமகன் தாயை நெடுநேரம் பார்த்தான். பின்பு எழுந்து மகளின் அறைக்குச் சென்றான். இரண்டு நாட்களின் பின் 2007 ஆம் ஆண்டு வாகனத்தை வாங்கினான். வாங்குமுன் அந்த நீர்க்குழாய் இணைப்புக்களைத் திருத்தித் தரவேண்டுமென்று விற்பவரிடம் எழுத்திலே பெற்றுக்கொண்டான். அத்தனை ஆண்டுகளின் பராமரிப்புப் பதிவும் ஒன்றும் விடாமல் இருந்தது. இல்லாதிருந்தால் வேண்டாமென்றே நானும் கூறியிருப்பேன்.

பழைய டர்போவை நான் இகழவில்லை. ஞாயிறு காலையில், உலர்ந்த சாலையில், நன்கு உறங்கி எழுந்தவன் ஓட்டுவதற்கு அதனினும் இனிய வாகனத்தை நான் அறியேன். ஆனால் ‘நாள்தோறும்’ என்ற சொல்லுள் எல்லா நாட்களும் அடங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவின் மறுநாளும், மேலதிகாரியுடன் முரண்பட்ட மாலையும், மார்கழி உறைபனியும் அதனுள் அடங்கும். நம் சிறந்த நாளுக்குப் பொருந்தும் வாகனம் ஒன்று. நம் மோசமான நாளையும் தாங்கும் வாகனம் மற்றொன்று. நாளாந்தம் ஓட்டுவதற்குப் பின்னதையே தேர்தல் வேண்டும்.

நான் ஊர் திரும்பும் நாளன்று விமான நிலையத்துக்கு அக்காரிலேயே சென்றோம். மழை பெய்தது. சூஃபன்ஹவுசனைக் கடக்கும்போது மருமகன் வேகத்தைக் குறைத்து, ஒரு பஸ் தரிப்பிடத்தைக் காட்டினான். பின் ஆசனத்தில் அவன் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள்.