சரளைக்கல் சைக்கிளோட்டம்: எந்த டயர் கைகொடுக்கும்?

வார இறுதிக் காலைகளில் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில் ஒரு புதுவகை சைக்கிளைக் காண முடிகிறது. ஹேண்டில் பந்தய சைக்கிளைப் போலவே கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் மட்டும் தடித்து, மேலே பட்டன் பட்டனாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். இதற்குக் 'கிரேவல்' சைக்கிள் என்று பெயர். தார் சாலைக்கும் மலைக்காட்டு ஒற்றையடிப் பாதைக்கும் இடைப்பட்ட சரளைக்கல், மண் பாதைகளுக்கென்றே உருவானது இது.

இதை வாங்கும் இளைஞர்கள் பலரும் ஃபிரேம் எது, கியர் எது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். டயரோ கடையில் வந்தபடியே இருந்துவிடுகிறது. தோட்டத்துச் சாலையில் காலாற ஓட்டிவர அது போதும். பந்தயம் என்று வந்துவிட்டால் கதை வேறு. சைக்கிளில் தரையைத் தொடுவது டயர் மட்டுமே. இரண்டு டயர்களும் தரையைத் தொடும் இடத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிரேக் பிடிப்பது, வளைவில் சாய்வது, மேட்டில் ஏறுவது எல்லாம் அந்த உள்ளங்கை அளவு ரப்பரை நம்பித்தான் நடக்கின்றன.

கன்சாஸ் கற்றுத் தந்த பாடம்

சரளைக்கல் பந்தயங்களில் உலகப் புகழ்பெற்றது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா நகரில் நடக்கும் 'அன்பவுண்ட் கிரேவல்'. 2006-ஆம் ஆண்டு 34 பேருடன் தொடங்கிய இப்பந்தயத்தில் இன்று ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கிறார்கள். அதன் முதன்மைப் பிரிவின் தூரம் 200 மைல், அதாவது சுமார் 322 கிலோமீட்டர். வெற்றி பெறுபவருக்கே ஏறக்குறைய 9 மணி நேரம் பிடிக்கும்.

பந்தயம் நடக்கும் பகுதியின் பெயர் 'ஃப்ளின்ட் ஹில்ஸ்'. ஃப்ளின்ட் என்பது சிக்கிமுக்கிக் கல். உடைந்தால் கத்திபோல் விளிம்பு நிற்கும் கல் அது. ஏர் உழ முடியாத அளவுக்குக் கல் நிறைந்த நிலம் என்பதால்தான் அங்கே புல்வெளி அழியாமல் இன்றும் மாடு மேய்கிறது. அந்தக் கல்தான் சைக்கிளோட்டிகளுக்கு எமன். அது டயரின் மேற்பகுதியைத் துளைப்பதைவிடப் பக்கவாட்டைக் கிழிப்பதே அதிகம். குறிப்பிட்ட சோதனை நிலையங்களைத் தவிர வேறெங்கும் வெளியாள் உதவியைப் பெறக் கூடாது என்பது விதி. டயர் கிழிந்தால் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். முடியாவிட்டால் மாதக்கணக்கில் செய்த பயிற்சி அந்த இடத்திலேயே வீணாகும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் இத்தாலி. 2022-ஆம் ஆண்டு முதல் உலக கிரேவல் வெற்றியாளர் போட்டி அந்நாட்டின் வெனேத்தோ வட்டாரத்தில் நடந்தது. ஆண்கள் பிரிவின் 194 கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமதளமாகவும் கெட்டியாகவும் இருந்தது. அங்கே வேகமாக உருளும் டயரே முக்கியம். இரண்டுமே 'கிரேவல்' பந்தயம்தான். ஆனால் ஒன்றுக்குச் சரியான டயர் மற்றொன்றுக்குத் தவறாகிவிடும். ஆகவே 'எது நல்ல டயர்?' என்று கேட்பதற்கு முன் 'எந்தப் பாதைக்கு?' என்று கேட்க வேண்டும்.

அகலம்: மெல்லியதுதான் வேகமா?

தார் சாலைப் பந்தய டயர்கள் இன்று பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. கிரேவல் டயர்கள் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை வருகின்றன. டயரின் பக்கவாட்டில் '40-622' என்று அச்சிட்டிருந்தால் 40 என்பது அகலம். 622 என்பது அந்த டயர் அமரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். கடைகளில் '700சி' என்று சொல்வது இந்த 622-ஐத்தான். '650பி' என்றால் 584. இந்த எண் மாறினால் டயர் ரிம்மில் உட்காராது.

டயர் மெல்லியதாகவும் காற்று இறுக்கமாகவும் இருந்தால் சைக்கிள் வேகமாகப் போகும் என்பது பலரின் நம்பிக்கை. வழவழப்பான தரையில் அது ஓரளவு உண்மை. கரடுமுரடான பாதையில் நிலைமை தலைகீழ். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் சைக்கிளையும் ஓட்டுநரையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னால் செல்ல வேண்டிய சக்தி மேலும் கீழும் குதிப்பதிலேயே செலவாகிறது. அகலமான, சற்றே காற்றுக் குறைந்த டயரோ கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு உருண்டுவிடும். உடல் அலுப்பும் குறையும். அண்மைய ஆண்டுகளில் அன்பவுண்ட் பந்தயத்தில் முன்னணி வீரர்களே 2.1 அங்குல, அதாவது 53 மில்லிமீட்டர் மலை சைக்கிள் டயர்களைப் பொருத்தி வருவதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஃபிரேமில் இடம் இருக்க வேண்டும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது பாதுகாப்பு. சேறு வரக்கூடிய பாதை என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். 2023-ஆம் ஆண்டு அன்பவுண்ட் பந்தயத்தின் தொடக்கத்திலேயே பசைபோன்ற சேறு குறுக்கிட்டது. சக்கரம் சுற்ற இடமில்லாமல் பலர் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். அந்த வட்டாரத்தில் ஓட்டுபவர்கள் சேற்றைச் சுரண்ட பெயிண்ட் கலக்கும் குச்சியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது வழக்கம். மழை பெய்த மறுநாள் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பட்டன் எவ்வளவு வேண்டும்?

டயரின் மேற்பரப்பை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் சிறு பட்டன்களோடும் இருப்பது முதல் வகை. காய்ந்து இறுகிய மண், பாதி தார் பாதி மண் என்று வரும் பாதைகளுக்கு ஏற்றது. நேராகப் போகும்போது நடுப்பகுதி வேகமாக உருளும். வளைவில் சாயும்போது ஓரப் பட்டன்கள் பிடித்துக்கொள்ளும்.

சிறிய பட்டன்கள் நெருக்கமாக அமைந்திருப்பது இரண்டாம் வகை. உதிரிச் சரளைக்கல், மணல் கலந்த பாதை என எல்லாவற்றிலும் ஓரளவு ஈடுகொடுக்கும். பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

உயரமான பட்டன்கள் இடைவெளி விட்டு நிற்பது மூன்றாம் வகை. ஈர மண்ணுக்கும் சேற்றுக்கும் உரியது. இடைவெளி இருந்தால்தான் சுற்றும்போது சேறு தெறித்து விழும். நெருக்கமான பட்டன்களில் சேறு அப்பிக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். ஆனால் கெட்டித் தரையில் இது தடதடவென்று சக்தியை உறிஞ்சும்.

முன் சக்கரம் வழுக்கினால் சைக்கிளோட்டி விழுவது ஏறக்குறைய உறுதி. பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதனால் முன்னால் பிடிப்பு அதிகமுள்ள டயரையும் பின்னால் வேகமாக உருளும் டயரையும் போடுபவர்கள் உண்டு.

பஞ்சரும் பால்மரமும்

தோட்டப் பாதையில் டயருக்குப் பெரிய பகை கல் மட்டுமல்ல. செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக முள் இருக்கும். வெட்டிப் போட்ட மட்டை காய்ந்து அந்த முள் சாலையோரத்தில் கிடந்தால் சாதாரண டியூபை எளிதில் குத்திவிடும்.

இதற்காகத்தான் பந்தயத்தில் ஓடுவோர் பலரும் டியூப் இல்லாத டயருக்கு மாறிவிட்டார்கள். டியூபுக்குப் பதிலாக 'சீலன்ட்' என்ற பால்போன்ற திரவத்தை டயருக்குள் ஊற்றுகிறார்கள். 40 மில்லிமீட்டர் டயருக்கு 60 மில்லிலிட்டர் அல்லது சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். முள் குத்தியதும் காற்று வெளியே பீறிடும். அதோடு வரும் திரவம் துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். சிறு துளை என்றால் ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அந்தத் திரவம் வேற்றூர் மந்திரமல்ல. பல சீலன்ட்களின் அடிப்படை இயற்கை ரப்பர் பால்தான். வெளிக்காட்டில் மரம் சீவிய தலைமுறைக்கு இதன் குணம் அத்துப்படி. மங்கில் தங்கிக் காய்ந்தால் ஒட்டுப்பால் ஆகும். திராவகம் விட்டால் உறையும். சீக்கிரம் உறையாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். சீலன்ட் வகைகள் சிலவற்றிலும் இதே காரணத்துக்காக அமோனியா சேர்க்கப்படுகிறது. 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூமலைக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்துசேர்ந்தன. அடுத்த 11 ஆண்டுகளில், 1888-இல், டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். தமிழர்கள் இங்கே பால்மரக் காடுகளுக்கு வந்த வரலாற்றுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழையது.

பாலின் குணம் தெரிந்தால் அதன் குறையும் தெரியும். வெப்பத்தில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்து, டயருக்குள் ஒட்டுப்பாலாகக் கிடக்கும். நம் நாட்டு வெயிலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. சில வகைகள் கரியமில வாயுக் குப்பியால் காற்றடித்தால் உறைந்துவிடும். போத்தலில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

பெரிய கிழிசலைச் சீலன்ட் அடைக்காது. அதற்கு ரப்பர் திரியைத் துளையில் செருகும் சிறு கருவி வேண்டும். அதுவும் போதாத நேரத்துக்கு ஒரு டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு ஆகியவை பையில் இருக்க வேண்டும். கூரான கல் நிறைந்த பாதைக்குச் செல்பவர்கள் பக்கவாட்டுக்கும் பாதுகாப்புத் துணி வைத்த டயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் எடை சற்றுக் கூடும். மேட்டில் கால் அதை உணரும். ஆனால் எடை கூடியதால் இழக்கும் நிமிடங்களைவிட, வெயிலில் அமர்ந்து டயரைக் கழற்றி மாட்டும்போது இழக்கும் நிமிடங்கள் அதிகம்.

காற்று: காசில்லாமல் கிடைக்கும் வேகம்

விலை உயர்ந்த டயரையும் தவறான காற்றழுத்தம் கெடுத்துவிடும். ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ளவர் டியூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம். 45 மில்லிமீட்டர் என்றால் 25 முதல் 30 வரை. பின் சக்கரத்தில் எடை அதிகம் என்பதால் முன்னால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவாக வைப்பது வழக்கம். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. கல்லில் ரிம் 'டக்' என்று இடித்தால் சற்றுக் கூட்ட வேண்டும். சைக்கிள் துள்ளிக்கொண்டே போனால் சற்றுக் குறைக்க வேண்டும்.

இதில் உயிரோடு விளையாடும் விஷயம் ஒன்றும் உண்டு. சில புதுவகை ரிம்களில் டயரைப் பிடித்துக்கொள்ளும் உள் கொக்கி இருக்காது. அவற்றில் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடிக்கவே கூடாது. டயருக்கும் ரிம்முக்கும் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்ணையே பின்பற்ற வேண்டும். கொக்கி இல்லாத ரிம்முக்கு எல்லா டயரும் பொருந்தாது. பழைய தார் சாலை சைக்கிளுக்கு 100 பிஎஸ்ஐ அடித்துப் பழகிய கை அதே பழக்கத்தில் இதற்கும் அடித்தால், ஓடும்போதே டயர் கழன்றுவிடும் அபாயம் இருக்கிறது. அழுத்தம் காட்டும் மானி உள்ள பம்பு ஒன்றை வாங்குவது, இரண்டாவது ஜோடி டயர் வாங்குவதைவிட முக்கியம்.

பந்தயத்துக்கு முன்

புது டயரோடு நேராகப் பந்தயத்துக்குப் போகக் கூடாது. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே மாட்டி, பந்தயப் பாதையைப் போன்ற சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்று இறங்குகிறதா, ஃபிரேமில் உரசுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். திரி செருகுவதையும் டயரைக் கழற்றி மாட்டுவதையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ள வேண்டும்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் புதிய சக்கரம், கார்பன் ஹேண்டில் என்று யோசிப்பதற்கு முன் டயரைக் கவனிக்கலாம். நெருக்கமான சிறு பட்டன்கள் கொண்ட, ஃபிரேம் தாங்கும் அளவுக்கு அகலமான ஒரு ஜோடி டயரும், புதிதாக ஊற்றிய சீலன்ட்டும், சரியான காற்றும் இருந்தால் நம் தோட்டச் சாலைகளில் பெரும்பாலானவற்றைத் தைரியமாகக் கடந்துவிடலாம். மழைக்காலம் தொடங்கும்போது மட்டும் உயரமான பட்டன் டயர் ஒன்றை முன் சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்.